கால் இஞ்ச் வரை விடலாம்: பிரித்துத் தைக்கும் பழக்கத்துக்கு வரம்பு வைத்த அனுபவம்

பட்டில் ஊசி ஒரு முறை இறங்கிய இடம் அப்படியே நிற்கும். பருத்தியில் அந்தக் கவலை இல்லை. தையலைப் பிரித்துவிட்டு, லேசாக ஈரம் தொட்டு, நகத்தால் நீவி, சூடாக அயர்ன் போட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். காஞ்சிபுரம் பட்டு போல நெருக்கமாக நெய்த துணியில் அது நடக்காது. பிரித்த தடம் வரிசையாகத் தெரியும். அதே இடத்தை இன்னொரு முறை பிரித்தால் இழை விலக ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போனால் ஓரம் நூல் நூலாக வந்துவிடும், உள்ளே விட்டு வைத்த துணியும் சேர்ந்து போகும். இன்னும் நன்றாக வரட்டும் என்று கை வைக்கிற ஒவ்வொரு தடவையும் துணி கொஞ்சம் கெடுகிறது.

தையல் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் பிரிக்கிறோம். கழுத்து ஒரு பக்கம் இம்மி கூடுதலாகத் தெரிகிறது, டாட் (மார்புப் பக்கம் துணியைக் கூம்பாக மடித்துத் தைப்பது) முனை ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கிறது, கையில் ஒரு சின்னச் சுருக்கம். ஒரே ஒரு தடவை பிரித்துச் சரியாகப் போட்டுவிடலாம் என்று பிளேடை எடுக்கிறோம். சாயங்காலம் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் அடுத்த வாரத்துக்குப் போகிறது.

வீட்டில் ஆர்டர் எடுத்துத் தைக்கிற எனக்கு இது பல வருஷப் பழக்கம். ஒரே நாளில் விடக்கூடிய பழக்கமும் இல்லை. ஓர் அட்டையில் எழுதிய அளவுக் கணக்கு, சில கருவி மாற்றம், எந்த வேலைக்குப் பின்னால் எந்த வேலை என்ற வரிசை, இவை சேர்ந்து மெல்ல மெல்ல மாற்றின. அதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். கை நிறைய வேலை தெரிந்தும், 'நம்ம தையல் இன்னும் அவ்வளவு சுத்தமா வரல' என்று ஆர்டர் எடுக்கவே தயங்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் பார்த்த கணக்கு

கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதலில் கைமடி, அதாவது டைலருக்குக் கூட நின்று உதவுகிற வேலை, அப்புறம் பிசிறு வெட்டுவது, அதற்கப்புறம் செக்கிங். செக்கிங் டேபிளில் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு மெஷர்மென்ட் சார்ட் ஒட்டியிருக்கும். மார்பு அகலம், உயரம், தோள், கை நீளம் என்று வரிசையாக அளவு இருக்கும். அந்த அளவுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். அதுதான் டாலரன்ஸ். உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம், தோளில் அரை சென்டிமீட்டர்தான் என்கிற மாதிரி, இடத்துக்கு இடம் வேறு வேறு. அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற பீஸை யாரும் திரும்பப் பார்க்கமாட்டார்கள். அது நல்ல பீஸ், பேக்கிங்குக்குப் போகும்.

கடைசியில் பையர் தரப்பிலிருந்து ஆய்வுக்கு வருபவர்களும் மொத்தச் சரக்கையும் பார்க்கமாட்டார்கள். ஏ.க்யூ.எல்., அதாவது எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்கிற தர வரம்பு, என்று ஒரு முறை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவம் தான் வாங்கும் பொருட்களைச் சோதிக்கப் பயன்படுத்திய மாதிரிச் சோதனையின் வழியில் வந்தது, இப்போது ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தரநிலையில் அதற்கான அட்டவணை இருக்கிறது. ஏற்றுமதி ஆடைகளில் பரவலாகப் பார்ப்பது 2.5 அளவு. 1,000 பீஸ் சரக்கு என்றால், வழக்கமான சோதனை நிலையில் 80 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை 5 வரை இருந்தால் சரக்கு பாஸ், 6 வந்தால் ஃபெயில். சின்னக் குறைகளுக்கு இன்னும் தாராளம்.

இதைக் கேட்டு, ஏற்றுமதியில் தரம் பார்ப்பதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு விஷயத்தில் துளியும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். ஊசி உடைந்தால் லைன் நிற்கும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒன்று சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு முனை கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் இருந்த துணி எல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். குழந்தை உடுப்பில் ஊசி முனை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குறைக்கு அனுமதி பூஜ்யம். பிசிறு ஒன்று தொங்கினால் அது சின்னக் குறை. இரண்டையும் ஒரே கோபத்தோடு பார்ப்பவர் செக்கிங்கில் நிற்க முடியாது.

வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்ததும் அந்த டாலரன்ஸ் கட்டம் எங்கேயோ போய்விட்டது. காரணம் இருக்கிறது. கம்பெனியில் சட்டையைப் போடப்போகிறவர் முகம் தெரியாது. இங்கே எதிர்வீட்டு அக்கா, பள்ளிக்கூட டீச்சர், தங்கச்சியின் நாத்தனார். ஜாக்கெட் போட்டுக்கொண்டு நம் கண் முன்னாலேயே கோயிலுக்குப் போவார்கள். ஒவ்வொன்றும் ஒரே பீஸ், ஒவ்வொன்றிலும் நம் பேர் இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிடும். அதனால் எல்லாக் குறையும் உடைந்த ஊசி அளவுக்குப் பெரிதாகிவிடும்.

என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி கட்டுவார், ஹெம்மிங் செய்வார். அவர் கொக்கி கட்டி முடித்ததையும் நான் பிரிப்பேன். "ஏங்கண்ணு, நல்லாத்தான இருக்குது, இதை எதுக்குப் பிரிக்கற?" என்பார். "இல்லைங்கத்தை, கழுத்து பாருங்க" என்பேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பார், அப்புறமும் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரியாததை ஜாக்கெட் போடுகிறவர் கண்டுபிடிப்பார் என்று நான் எதை வைத்து நம்பினேன் என்பதற்குப் பதில் இல்லை.

அட்டை

பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஜாக்கெட்டுக்கு என்று ஒரு சார்ட் எழுதினேன். கம்பெனி சார்ட்டை அப்படியே எடுக்க முடியாது. அது பின்னலாடை, இழுத்தால் இழுத்த பக்கம் போகும். ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்கிற நெய்த துணி, அதுவும் லைனிங் வைத்தது. அதனால் ஒவ்வோர் இடத்தையும் யோசித்து எழுத வேண்டியிருந்தது.

உயரத்தில் கால் இஞ்ச் விடலாம். சேலை கட்டினால் ஜாக்கெட்டின் அடிப்பகுதியில் முக்கால்வாசி மறைந்துவிடும். கழுத்து இறக்கத்திலும் கால் இஞ்ச். கை நீளத்திலும் அதேதான், ஆனால் இடது கைக்கும் வலது கைக்கும் வித்தியாசம் அரைக்கால் இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. தோள் அரைக்கால் இஞ்ச், ஏனென்றால் தோள் கூடினால் கழுத்து சரியும், நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொள்ள வேண்டிவரும். பக்கத் தையலில் அரை இஞ்ச் வரை கவலையே வேண்டாம், அங்கேதான் உள்ளே துணி விட்டிருக்கிறோமே. முன்பட்டியில் கொக்கி போட்டதும் இரண்டு கீழ் ஓரமும் ஒன்றாக நிற்க வேண்டும். இதற்கு டாலரன்ஸ் இல்லை, பூஜ்யம். டாட் முனை கூம்பாகத் துருத்தக் கூடாது, அதற்கும் பூஜ்யம்.

இப்படி எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. சார்ட்டில் இருக்கிற அளவிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைப் பார்க்கிறவர் கண் கண்டுபிடிக்காது. இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைத்தான் கண்டுபிடிக்கும். கழுத்து இறக்கம் 7 இஞ்சுக்குப் பதில் ஏழேகால் ஆனால் யாருக்கும் தெரியாது. இடப்பக்கத்து வளைவும் வலப்பக்கத்து வளைவும் அரைக்கால் மாறினால் நாலடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். ஆக, ஜோடியாக வருகிற இடங்களுக்கு இறுக்கமான கணக்கு, தனியாக நிற்கிற இடங்களுக்குத் தளர்ந்த கணக்கு. நான் பாடுபட்டுப் பிரித்துக்கொண்டிருந்ததில் பெரும்பாலானவை தனியாக நிற்கிற இடங்கள்.

அட்டையைத் துளை போட்டு மெஷினுக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டினேன். கையில் பிளேடு எடுத்தால் முதலில் டேப்பை எடுக்க வேண்டும், அளந்து பார்த்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். அட்டைக்குள் இருந்தால் பிளேடு கீழே. கண்ணால் பார்த்து முடிவு எடுப்பதை நிறுத்தியது இந்த ஒரு ஏற்பாடுதான்.

டேப்பையே அளந்து பார்த்தது

அளவெடுக்கிற டேப்பிலும் ஒரு வேலை இருந்தது. துணி டேப் வருஷக்கணக்கில் இழுபட்டு இழுபட்டு நீளும். ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என் பழைய டேப் 36 இஞ்ச் இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு தள்ளி நின்றது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைபர் டேப் வாங்கினேன். இப்போதும் அவ்வப்போது ஸ்கேலோடு ஒப்பிடுவது உண்டு.

அப்புறம் அளவு ஜாக்கெட். நம் ஊரில் உடம்பில் அளவு எடுப்பதைவிட, பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து 'இதே மாதிரி' என்று சொல்வதுதான் வழக்கம். அந்த ஜாக்கெட் துவைத்துத் துவைத்து சில இடம் சுருங்கியிருக்கும், கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக, வெட்டிய முன்பாகம் தொங்கியிருக்கும். மேஜையில் விரித்து அளந்தால் ஒரு அளவு, கொஞ்சம் நீவிவிட்டு அளந்தால் இன்னொரு அளவு. உடம்பும் அப்படித்தான். மூச்சை இழுத்தால் மார்புச் சுற்று கூடும், சாப்பிட்டுவிட்டு வந்தால் இடுப்பு கூடும். அளவே கால் இஞ்ச் அரை இஞ்ச் முன்னும் பின்னுமாக நிற்கும்போது, தையல் மட்டும் நூல் பிசகாமல் இருக்க வேண்டும் என்று பாடுபடுவதில் அர்த்தமில்லை. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தாலும் ஏற்றிருப்பேனா தெரியாது. ஒரே ஜாக்கெட்டை மேஜையில் திரும்பத் திரும்ப அளந்து, நோட்டில் வேறு வேறு எண்ணாக எழுதிப் பார்த்தபோது ஏற்க முடிந்தது.

எதில் ஆரம்பித்தேன்

அட்டை எழுதியவுடனே பட்டில் இறங்கவில்லை. பிரிக்காமல் விடுவதையும் ஒரு வேலையாகப் பழக வேண்டும், அதைச் சின்னதில் ஆரம்பித்தேன். முதலில் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, தலையணை உறை, உள்பாவாடை. இவற்றில் தையல் கோடு ஓர் இடத்தில் கொஞ்சம் வளைந்தால் உபயோகத்துக்கு ஒன்றும் ஆகாது. வளைந்த கோட்டை அப்படியே விட்டு, மடித்து, பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். கை கூசும். கொடுத்த பிறகும் மனசு அதிலேயே நிற்கும். வாங்கிக்கொண்டு போனவர் அடுத்த மாதம் இன்னும் இரண்டு பாவாடைத் துணியோடு வரும்போது அந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும்.

அதற்கப்புறம் நைட்டி, பிறகு டூ பை டூ துணியில் லைனிங் இல்லாத ஜாக்கெட், அதன் பிறகு லைனிங் ஜாக்கெட். ஒரு துணியில் புதிதாக ஒரே ஒரு விஷயம் மட்டும் முயற்சி செய்வது என்று வைத்துக்கொண்டேன். கழுத்துக்கு கேன்வாஸ் வைத்துப் பழகுகிற ஜாக்கெட்டில் கை மாடல் எதுவும் கிடையாது, சாதாரணக் கைதான். பஃப் கை பழகுகிற ஜாக்கெட்டில் கழுத்து வெறும் ரவுண்டு. எல்லாமே ஒரே ஜாக்கெட்டில் நன்றாக வர வேண்டும் என்று நினைக்கும்போது எது சரியில்லை என்பதே தெரியாமல் முழுவதையும் பிரித்துப் போட்டுவிடத் தோன்றும். ஒன்றை மட்டும் புதிதாகச் செய்தால் எங்கே திருத்த வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். அந்தத் திருத்தத்தை இந்த ஜாக்கெட்டில் செய்யத் தேவையில்லை, அடுத்ததில் செய்யலாம். நோட்டில் எழுதி வைத்துவிட்டால் மனசும் இறங்கிவிடுகிறது.

இந்த நோட்டு எனக்குப் பெரிய துணை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். அளவுகள் மேலே, கீழே அடுத்த தடவைக்கான குறிப்பு: 'வலத் தோள் கொஞ்சம் இறக்கம், அந்தப் பக்கம் அரைக்கால் கூடச் சாய்க்கணும்', 'கைக்குழி பிடிக்கிறது, முன் வளைவு இன்னும் உள்ளே போகலாம்'. பலரின் உடம்பில் இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அது முதல் ஜாக்கெட்டில் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது தைக்கும்போதுதான் அவர் உடம்புக்கு ஏற்றபடி ஜாக்கெட் உட்காரும். முதல் ஜாக்கெட்டிலேயே அதை எதிர்பார்த்து அதையே பத்துத் தடவை பிரித்தால், இரண்டாவது ஜாக்கெட்டுக்கு அவர் வேறு டைலரிடம் போய்விடுவார்.

பட்டு ஜாக்கெட், வேலை வரிசைப்படி

அட்டையும் நோட்டும் பழக்கமான பிறகு எடுத்த பட்டு ஜாக்கெட் ஒன்றைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். சேலையோடு சேர்ந்து வந்த துணி, கைக்கு ஜரிகை பார்டர். துணி அளவாகத்தான் இருந்தது. ஒரு பாகம் கெட்டால் மாற்றுத் துணி கிடையாது. இந்த மாதிரி வேலையில்தான் பதற்றம் அதிகம், பிரிக்கத் தோன்றுவதும் அதிகம்.

காட்டன் லைனிங்கை முந்தின நாளே தண்ணீரில் நனைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, அயர்ன் செய்து வைத்தேன். நனைக்காமல் வைத்தால் பிற்பாடு லைனிங் மட்டும் சுருங்கி, மேலே பட்டு உப்பி நிற்கும். அதைப் பிரித்தும் சரிசெய்ய முடியாது.

முதல் வெட்டு பட்டில் இல்லை, வெளுக்காத பருத்தியான காடாத் துணியில். ஈரோடு கனி மார்க்கெட் பக்கம் காடா எளிதாகக் கிடைக்கும். மார்புச் சுற்று 36; நாலில் ஒன்று 9, லூசுக்கு அரை இஞ்ச், உள்ளே விடுவதற்கு ஒன்றரை, ஆக 11. காடாவில் முன்பாகம் பின்பாகம் வெட்டி, பெரிய தையலாக ஓட்டி, அவரை வரச்சொல்லிப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். என் மனசில் இருக்கிற திருத்தம் அத்தனையும் இந்தக் காடாவில்தான். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் பிரிக்கலாம், கிழிக்கலாம், பேனாவால் கோடு போடலாம். நுணுக்கம் பார்க்கிற குணத்தை விடச் சொல்லி என்னை நானே திட்டுவதை நிறுத்தி, அதற்கு ஒரு தனி இடம் கொடுத்தது எனக்கு நன்றாக வேலை செய்தது. திருத்தம் முடிந்த காடாவைப் பிரித்து, அதையே பேட்டர்னாக வைத்துப் பட்டை வெட்டினேன்.

பட்டுக்கு 11 நம்பர் ஊசி, புதியது. பருத்திக்குப் போடுகிற 14 அல்லது 16 ஊசி பட்டில் பெரிய ஓட்டை போடும், முனை மழுங்கியிருந்தால் இழையை இழுத்துவிடும். குண்டூசி குத்துவது எல்லாம் தையல் கோட்டுக்கு வெளியே, உள்ளே போகிற ஓரத்தில் மட்டும். மெழுகு கலந்த சாக் வேண்டாம்; அயர்ன் சூட்டில் உருகிப் பட்டில் கறையாகிவிடும். சாதாரண டைலர் சாக்கை முனை சீவி எடுத்துக்கொண்டேன்.

மெஷின் தையலுக்கு முன்னால் பக்கங்களையும் கையையும் கையால் ஓட்டுத் தையல் போட்டேன். நேரம் எடுக்கும் வேலை. ஆனால் ஒல்லியான ஊசியில், நீளமான தையலில் விழுகிற ஓட்டை மிகக் குறைவு, பிரித்தாலும் தடம் நிற்காது. இந்த நிலையில் இன்னொரு ட்ரையல். இங்கே கையில் பின்பக்கம் ஒரு மடிப்பு தெரிந்தது.

அந்த மடிப்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பழக்கம் மாறியது எங்கே என்பது இதில்தான் தெரியும். கைக்குழிக்குக் கீழே, பின்பக்கம், ஒரு விரல் நீளத்துக்குச் சாய்வாக ஒரு மடிப்பு. முன்பெல்லாம் கை முழுவதையும் பிரித்திருப்பேன். இப்போது முதலில் அயர்ன். கைத் தலைப்பு வளைவுக்கு உள்ளே சுருட்டிய துண்டை வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, குறைந்த சூட்டில் வைத்து எடுத்தேன். ஜரிகை மேல் நேரடியாகச் சூடு படக் கூடாது. மடிப்பு பாதி போய்விட்டது. அடுத்து அவரைக் கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னேன், அப்புறம் தூக்கச் சொன்னேன். தொங்கவிட்டால் மடிப்பு, தூக்கினால் இல்லை. கையை நன்றாகத் தூக்க வேண்டுமானால் அந்த இடத்தில் கொஞ்சம் துணி இருந்தே ஆக வேண்டும். அந்த மடிப்பை முழுவதும் எடுத்தால் கை தூக்கும்போது ஜாக்கெட்டே மேலே ஏறும். கல்யாண வீட்டில் பரிமாறப்போகிற பெண்ணுக்கு எது முக்கியம் என்று அவரையே கேட்டேன். "தூக்கறதுக்கு வசதியா இருந்தாப் போதுங்கக்கா, சேலை முந்தானை மறைச்சுக்கும்" என்றார். மடிப்பு அப்படியே இருந்தது, வேலை அடுத்த கட்டத்துக்குப் போனது.

கழுத்தில் ஒரு பக்கம் வளைவு மாறியிருந்தது. டேப் வைத்தேன், அரைக்காலுக்கும் மேல். ஜோடி இடம், அட்டைக்கு வெளியே. இதைப் பிரித்தேன், முழுக் கழுத்தையும் அல்ல, மாறிய ஒன்றரை இஞ்சை மட்டும். பிரிக்கும்போது தையலைப் பிடித்து இழுக்கக் கூடாது. மேல் நூலை நாலைந்து தையலுக்கு ஒரு தடவை வெட்டிவிட்டு, மறுபக்கம் பாபின் நூலை, அதாவது அடி நூலை, உருவினால் துணிக்கு வலிக்காமல் வந்துவிடும். கழுத்து வளைவு சில இடங்களில் கிராஸ் ஓட்டத்தில் இருக்கும், கையில் வைத்து அளைய அளைய நீண்டுகொண்டே போகும். அதனால் பிரித்த உடனே தைத்து முடித்தேன். திருப்பும் முன் வளைவில் கத்திரி முனையால் சின்னச் சின்ன வெட்டு. திருப்பி அயர்ன் போட்டதும் படிந்துவிட்டது.

பக்கத் தையலில் மூன்று கோடு போட்டேன். உடம்போடு நிற்கிற முதல் கோட்டுக்கு 4 மில்லிமீட்டர் தையல், அதாவது இஞ்சுக்கு ஆறு. வெளியே கால் இஞ்ச் தள்ளித் தள்ளி இருக்கிற மற்ற இரண்டுக்கும் இரண்டரை மில்லிமீட்டர், இஞ்சுக்குப் பத்து. பின்னால் உடம்பு ஏறினால் முதல் கோட்டைப் பிரித்தால் போதும். ஒரு பக்கத்தில் முன்பாகத்துக்குக் கால், பின்பாகத்துக்குக் கால், ஆக அரை இஞ்ச். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் ஒரு இஞ்ச் கிடைக்கும். தையல் நீளம் என்பதால் ஓட்டையும் குறைவு, அதுவும் அக்குளுக்குக் கீழே. இந்த உள்துணியும் இரண்டு மூன்று கோடும் நம் டைலர்கள் எவ்வளவோ காலமாகச் செய்வதுதான். இந்த உடுப்பு பிற்பாடு திருத்தப்படும் என்று முதல் நாளே ஒப்புக்கொண்டு தைக்கிற வழக்கம் அது. இதைத் தினமும் கையால் செய்துகொண்டே, முடிந்த உடுப்பில் இனி யாரும் கை வைக்க அவசியமே வரக் கூடாது என்றும் மனசில் நினைத்திருந்திருக்கிறேன்.

சொன்ன தேதியில் கொடுத்தேன். சில நாள் கழித்து அதே பெண் வந்தார். "அக்கா, கை கொஞ்சம் புடிக்குதுங்க, ஒரு கோடு விட்டுருங்களேன்." வாசலில் நின்றபடியே அவர் பேசிக்கொண்டிருக்க, கையில் ஒரு கோட்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் விஷயம். அடுத்த சேலையின் துணியையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

ஆர்டர் பக்கம் மாறியது

பிரிப்பது குறைந்ததும் முதலில் மாறியது தேதி. முன்பு 'ஆகும்போது சொல்றேன்' என்பதுதான் என் பதில். இப்போது அட்டைக்குள் இருந்தால் முடிந்தது என்பதால் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓரளவு சொல்ல முடிகிறது, நோட்டில் தேதி போட முடிகிறது. கூலியும் அப்படித்தான். என் தையல் இன்னும் சரியில்லை என்று நானே நினைத்துக்கொண்டிருந்தவரை, ஊரில் மற்றவர்கள் வாங்குகிற கூலியைக் கேட்க வாய் வரவில்லை. முடித்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து, பூஜ்ய இடங்கள் எல்லாம் சரி, ஜோடி இடங்கள் சரி என்று பார்த்துவிட்டுக் கூலி சொல்லும்போது குரல் இறங்குவதில்லை. தைத்துச் சம்பாதிக்கிற பெண்கள் பலர் கூலியைக் குறைத்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என்னிடம் பழகுகிறாள். கல்லூரி முடித்தவள், கை நிதானம். அவள் அடித்த ஹெம்மிங்கைப் பார்த்தால் எனக்குப் பழைய மாதிரியே கை துறுதுறுக்கும், பிரித்து நானே போட்டுவிட வேண்டும் என்று. செய்வதில்லை. அட்டையை அவளிடமே கொடுத்துவிட்டேன். அவளே அளந்து, அவளே சொல்ல வேண்டும். "அக்கா, இது வெளியில போகுது, பிரிக்கறேன்" என்று அவள் சொல்கிற இடங்கள் பெரும்பாலும் சரியான இடங்கள். "இது உள்ளதான் இருக்குது, ஆனாலும் எனக்குப் புடிக்கல" என்று அவள் நிற்கும்போது, நோட்டில் அடுத்த தடவைக்கு எழுதச் சொல்கிறேன். அவள் முகம் சுருங்கும், எனக்குப் புரியும். அந்த அதிருப்திதான் அவளை நல்ல டைலராக ஆக்கப்போகிறது, அதை அணைக்க நான் விரும்பவில்லை. அது துணியைத் தின்னாமல் நோட்டுக்குப் போனால் சரி.

சில இடங்களில் நான் இன்னும் இறுக்கம்தான். டாட் முனையில் ரிவர்ஸ் தையல் போட்டு முடிச்சுக் கட்டியிருந்தால் விடமாட்டேன். முனையை மெல்லக் குறைத்து ஓட்டி, நூலைக் கையால் முடிந்தால்தான் கூம்பு வராது. ஊசி உடைந்தால் இன்றைக்கும் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துப் பழைய டப்பாவில் போட்ட பிறகுதான் அடுத்த ஊசி. மாமியார் கட்டுகிற கொக்கியை மட்டும் இப்போது பிரிப்பதில்லை. அவர் கொக்கிக் கணக்கு என் கணக்கைவிட நேர்த்தி என்று டேப் வைத்த பிறகுதான் தெரிந்தது.

கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் ஒன்று இப்போது மேஜையில் இருக்கிறது. பிரின்சஸ் கட், அதாவது டாட்டுக்குப் பதில் நெடுந்தையல் வருகிற மாடல், முதல் தடவையாக எடுத்திருக்கிறேன். அதனால் கை சாதாரணம், கழுத்து எனக்கு நன்றாகப் பழகிய மாடல். காடா ட்ரையல் முடிந்துவிட்டது. மார்புக்கு மேலே போகிற நெடுந்தையலில் பக்கத் துண்டு கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, அதைச் சுருக்கம் தெரியாமல் உள்வாங்கித் தைக்க வேண்டும். அந்த வளைவுக்கு அட்டையில் இன்னும் எண் எழுதவில்லை. காடாவில் இன்னும் இரண்டு பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருக்கிறேன்.